அமெரிக்கக் குடிமகனையே ஐசிஇ பிடித்துக்கொண்டு போனால்... யார் மீது வழக்கு போட முடியும்?

அமெரிக்காவில் குடியேற்ற அதிகாரிகளின் ரெய்டு என்றாலே, விசா முடிந்தவர்களும் ஆவணம் இல்லாதவர்களும்தான் பயப்பட வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். 2025 அக்டோபரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. குடியேற்ற அதிகாரிகளால் பிடித்துவைக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் 170-க்கும் மேல் என்றது அந்தச் செய்தி. இப்படி ஒரு கணக்கை அரசு வைத்துக்கொள்வதில்லை. அதனால் வழக்கு ஆவணங்கள், உள்ளூர்ச் செய்திகள், சமூக வலைதளப் பதிவுகள் என்று தேடித்தேடி செய்தியாளர்களே எண்ண வேண்டியிருந்தது.

இது டிரம்ப் ஆட்சியில் மட்டும் முளைத்த பிரச்னையும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2021-ல் ஓர் அறிக்கை தந்தது. 2015 நிதியாண்டிலிருந்து 2020 நிதியாண்டின் நடுப்பகுதி வரை, குடிமக்களாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்ட 674 பேரை ஐசிஇ கைது செய்திருக்கிறது, 121 பேரைக் காவலில் வைத்திருக்கிறது, 70 பேரை நாட்டை விட்டே அனுப்பியிருக்கிறது. சொந்த நாட்டிலிருந்து நாடு கடத்தல்!

2026 ஜனவரியில் மினியாபோலிஸ் நகரில் நடந்தது இன்னும் மோசம். மூன்று வாரத்துக்குள் இரண்டு அமெரிக்கக் குடிமக்கள் குடியேற்றப் பணியில் இருந்த கூட்டாட்சி அதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் "இவங்க மேல கேஸ் போட முடியுமா, முடியாதா?" என்ற கேள்வி அங்கே வீட்டுக்கு வீடு கேட்கப்படுகிறது. பதில் முடியும் என்பதுதான். ஆனால் நீங்கள் நினைக்கிற ஆள் மீது, நீங்கள் நினைக்கிற விதத்தில் முடியாது.

முதலில், ஐசிஇ-க்கு குடிமக்கள் மீது அதிகாரம் உண்டா?

குடியேற்றச் சட்டத்தின் கீழ் குடிமகனைக் கைது செய்ய ஐசிஇ-க்கு அதிகாரம் கிடையாது. அந்தச் சட்டம் பேசுவதே வெளிநாட்டவரைப் பற்றி மட்டும்தான். போதாக்குறைக்கு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் துணை இல்லாமல் எந்தக் குடிமகனையும் அரசு பிடித்து வைக்கக் கூடாது என்று 1971-ல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 4-வது திருத்தம், நியாயமான காரணம் இல்லாத சோதனையையும் கைதையும் தடுக்கிறது. இந்தத் திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் இல்லை, அமெரிக்க மண்ணில் இருக்கிற எல்லோருக்கும் பொருந்தும்.

அப்புறம் எப்படிப் பிடிக்கிறார்கள்? இரண்டு வழி. ஒன்று, அதிகாரியைத் தாக்கினார், பணியைத் தடுத்தார் என்று குற்றவியல் சட்டத்தின் கீழ் கைது செய்வது. அதற்கு யாராக இருந்தாலும் அதிகாரம் உண்டு. இன்னொன்று, "இவர் வெளிநாட்டவர் என்று சந்தேகித்தோம்" என்று நிறுத்தி வைப்பது. இந்தச் சந்தேகத்துக்கு எது அடிப்படையாக இருக்கலாம் என்பதில்தான் பெரிய சண்டை. தோற்றம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் வேலை, இந்த நான்கை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2025 ஜூலையில் தடை போட்டது. செப்டம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது.

பெரும்பான்மை நீதிபதிகளில் காரணம் எழுதியவர் பிரெட் கவனா ஒருவர்தான். குடிமக்களை நிறுத்தினாலும் அது பொதுவாகக் கொஞ்ச நேரம்தான், குடிமகன் என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய கணிப்பு. அதிகாரிகள் அளவுக்கு மீறி பலம் பிரயோகித்தால், அதற்குக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைக்க வேண்டும் என்றும் எழுதினார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிவாரணத்தின் கதவை ஏறக்குறைய இழுத்துச் சாத்திய 2022 தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கதைக்கு வருவோம்.

அதிகாரி மீதே வழக்கு போடலாமா?

உள்ளூர் போலீஸ்காரர் ஒருவர் உங்களை அடித்தால் விஷயம் சுலபம். 1871-ல் கு கிளக்ஸ் கிளான் வன்முறைக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'பிரிவு 1983' என்பார்கள். உரிமையை மீறிய மாநில, உள்ளூர் அதிகாரி மீது நேரடியாக நஷ்டஈடு கேட்கலாம். ஜெயித்தால் வக்கீல் ஃபீஸையும் எதிர்த்தரப்பிடமே வாங்கலாம்.

கூட்டாட்சி அதிகாரிகளுக்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. நாடாளுமன்றம் எழுதவே இல்லை. ஐசிஇ, எல்லைக் காவல் படை, எஃப்பிஐ எல்லோரும் அந்த ஓட்டைக்குள் நிற்கிறார்கள்.

1971-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. புரூக்ளினில் வெப்ஸ்டர் பிவன்ஸ் என்பவரின் வீட்டுக்குள் 1965-ல் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் வாரன்ட் இல்லாமல் நுழைந்து, மனைவி, பிள்ளைகள் கண் முன்னால் அவருக்கு விலங்கு மாட்டினார்கள். அவர்களுடைய பெயர்கூட அவருக்குத் தெரியாது. வழக்கின் தலைப்பே 'பிவன்ஸ் எதிர் பெயர் தெரியாத ஆறு அதிகாரிகள்' என்ற பொருளில்தான் இருக்கிறது. (முகமூடி போட்ட அதிகாரிகளைப் பற்றிப் பேசும் இந்தக் காலத்துக்கு எவ்வளவு பொருத்தமான தலைப்பு!) சட்டம் இல்லாவிட்டால் என்ன, அரசியல் சாசனத்தை மீறினால் அதிகாரியிடமே இழப்பீடு கேட்கலாம் என்றது நீதிமன்றம். 1979, 1980-ம் ஆண்டுகளில் இன்னும் இரண்டு வகை வழக்குகளுக்கு அதை நீட்டினார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேலாக, புதிதாக ஒரு சூழலுக்குக்கூட உச்ச நீதிமன்றம் அதை நீட்டவில்லை.

2020-ல் வந்த தீர்ப்பு நிறைய பேரை அதிர வைத்தது. எல்லைக் காவல் அதிகாரி ஒருவர் அமெரிக்கப் பக்கம் நின்று சுட்டதில், மெக்சிகோ பக்கம் நின்ற 15 வயதுச் சிறுவன் இறந்துபோனான். பெற்றோர் வழக்கு போட முடியாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு.

"அது எல்லை தாண்டிய விவகாரம், அதனால்தான்" என்று சமாதானம் சொன்னவர்களுக்கு 2022-ல் பதில் கிடைத்தது. 'எக்பர்ட் எதிர் பூல்' வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டி விடுதி நடத்தும் ஓர் அமெரிக்கக் குடிமகன். இடமும் அமெரிக்க மண், அதுவும் அவருடைய சொந்த இடம். துருக்கியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவரை விசாரிக்க வந்த எல்லைக் காவல் அதிகாரியை வெளியே போகச் சொன்னதற்கு, தன்னைத் தள்ளித் தரையில் வீழ்த்தினார் என்பது அவருடைய புகார். மேலதிகாரியிடம் புகார் கொடுத்த பிறகு, பழிவாங்க வருமான வரித் துறைக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார் என்றும் குற்றம்சாட்டினார். அவருக்கும் அனுமதி இல்லை. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: நாடாளுமன்றம் இதைவிட நன்றாக முடிவெடுக்கும் என்று நினைக்க ஒரே ஒரு காரணம் இருந்தாலும் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். குடியேற்ற வழக்குகளில் அந்த ஒரு காரணம் எப்போதும் கிடைத்துவிடும். எல்லைப் பாதுகாப்பு, தேசப் பாதுகாப்பு என்று ஏதாவது ஒன்று இருக்குமே!

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. துறைக்குள்ளேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது, அதுவே மாற்று நிவாரணம் என்றார்கள். அந்தப் புகாரால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது என்பது வேறு விஷயம். துறை அளவில் புகார்களை விசாரித்து வந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சிவில் உரிமைகள் மற்றும் சிவில் சுதந்திரங்கள் அலுவலகத்தையும், காவல் மையங்களைக் கண்காணித்த குறைதீர்ப்பு அலுவலகத்தையும் 2025 மார்ச்சில் ஆட்களைக் குறைத்து முடக்கிவிட்டார்கள்.

ஆக, 2026-ல் ஓர் ஐசிஇ அதிகாரி மீது நேரடியாக இழப்பீட்டு வழக்கு போட நினைப்பவரிடம், பெரும்பாலான வக்கீல்கள் இந்த வழியை நம்பாதீர்கள் என்றுதான் சொல்வார்கள். தப்பித்தவறி உள்ளே போனாலும், 'தகுதிவாய்ந்த விலக்கு' என்ற கோட்பாடு காத்திருக்கிறது. இது சட்டவிரோதம் என்று முன்பே தெளிவாக நிலைநாட்டப்படாத செயலுக்கு அதிகாரியைப் பொறுப்பாக்க முடியாது என்பார்கள்.

அப்போ யார் மீது? அரசாங்கம் மீது!

திறந்திருக்கிற கதவு இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1946-ல் வந்த கூட்டாட்சி இழப்பீட்டுக் கோரிக்கைச் சட்டம், சுருக்கமாக எஃப்டிசிஏ. இதில் பிரதிவாதி அதிகாரி கிடையாது, அமெரிக்க அரசு. தனிமனிதர் ஒருவர் அதே செயலைச் செய்திருந்தால் அந்த மாநிலச் சட்டப்படி இழப்பீட்டுக்குப் பொறுப்பாவாரா என்பதுதான் அளவுகோல். டெக்சஸில் நடந்தால் டெக்சஸ் சட்டம், நியூஜெர்சியில் நடந்தால் நியூஜெர்சி சட்டம்.

ஆரம்பத்தில் அடி, உதை, பொய்க் கைது போன்ற வேண்டுமென்றே செய்த தவறுகளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. 1973-ல் இல்லினாய்ஸின் காலின்ஸ்வில் என்ற ஊரில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் தவறான இரண்டு வீடுகளுக்குள் புகுந்து அட்டகாசம் செய்தார்கள். நாடே கொதித்தது. அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்தினார்கள். தேடவும் கைது செய்யவும் அதிகாரம் உள்ளவர்கள் தாக்கினால், சட்டவிரோதமாக அடைத்து வைத்தால், பொய்யாகக் கைது செய்தால், கெட்ட நோக்கத்தோடு வழக்கு நடத்தினால் அரசே பொறுப்பு. ஐசிஇ, எல்லைக் காவல் இரண்டுக்கும் இது பொருந்தும். முகமூடி போட்டவர் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தத் துறை என்று தெரிந்தால் போதும் என்பது இதில் ஒரு பெரிய வசதி.

2025 ஜூன் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த தீர்ப்பு இதற்குக் கொஞ்சம் பலம் சேர்த்தது. 2017-ல் அட்லாண்டாவில் விடியற்காலையில் எஃப்பிஐ அதிரடிப் படை வீடு மாறி உள்ளே போய், ஒளிக்குண்டு வீசி, குடும்பத்தையே நடுங்க வைத்தது. மத்தியச் சட்டமே மேலானது என்ற அரசியல் சாசனப் பிரிவைக் காட்டி அரசு தப்பிக்க முடியாது என்றது தீர்ப்பு. ஆனால் 'விருப்புரிமைச் செயல்' என்ற விலக்கு அப்படியே இருக்கிறது. முடிவெடுக்கும் சுதந்திரம் அதிகாரிக்கு விடப்பட்ட விஷயங்களில் அரசைக் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் அந்த விலக்கு. எந்த முடிவு அதில் சேரும், எது சேராது என்று நீதிமன்றங்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

சரி, எப்படிப் போடுவது? நேராக கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் சம்பந்தப்பட்ட துறையிடம் எழுத்துபூர்வமாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அதற்கென்றே 'ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95' என்று ஒரு படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. என்ன நடந்தது, எங்கே, எப்போது என்பதோடு, எவ்வளவு இழப்பீடு வேண்டும் என்று ஒரு குறிப்பிட்ட தொகையை எழுதியே ஆக வேண்டும். "நீதிமன்றம் பார்த்துத் தரட்டும்" என்று விட்டால் கோரிக்கையே செல்லாது. குறைவாகவும் எழுதிவிடக் கூடாது. புதிதாக ஆதாரம் கிடைத்தால் ஒழிய, பின்னால் வழக்கில் அதைவிட அதிகம் கேட்க முடியாது.

சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் இந்தக் கோரிக்கை துறையின் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை, சேர்ந்த தேதிதான் கணக்கு. துறைக்கு 6 மாத அவகாசம். மறுத்துக் கடிதம் வந்தால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கு. 6 மாதமாகப் பதிலே இல்லை என்றால், மறுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஜூரி கிடையாது, நீதிபதி மட்டுமே. தண்டனை போல விதிக்கும் கூடுதல் இழப்பீடு கிடையாது. வக்கீல் ஃபீஸை அரசு தராது. உங்களுக்குக் கிடைக்கும் தொகையில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கும் உச்சவரம்பு: துறை அளவில் முடிந்தால் 20 சதவீதம், வழக்கில் முடிந்தால் 25 சதவீதம். இரண்டு நாள் அடைத்து வைத்த வழக்கில் என்ன பெரிதாக வந்துவிடும் என்று வக்கீல்கள் தயங்குவது இதனால்தான். தன்னார்வ சட்ட அமைப்புகள் எடுக்கும் வழக்குகளே பெரும்பாலும் செய்தியாகின்றன. கலிஃபோர்னியாவில் 2025 ஜூலையில் கஞ்சாப் பண்ணை ரெய்டின்போது வேலைக்கு வந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவரைப் பிடித்து, எந்தக் குற்றச்சாட்டும் பதியாமல் மூன்று நாள் அடைத்து வைத்தார்களே, அவருடைய இழப்பீட்டுக் கோரிக்கையும் அப்படி ஓர் அமைப்பின் உதவியோடுதான் போனது.

3 வருஷத்துக்கு மேல் சிறை, இழப்பீடு பூஜ்யம்

2 வருஷக் கெடுவை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு ஒரே ஒரு வழக்கு போதும். ஜமைக்காவில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க்குக்கு அப்பாவிடம் வந்தவர் ஓர் இளைஞர். 2002-ல் அப்பா அமெரிக்கக் குடிமகன் ஆனபோது, 18 வயதுக்கு உட்பட்ட மகனும் சட்டப்படி தானாகவே குடிமகன் ஆகிவிட்டார். 2008-ல் ஒரு குற்ற வழக்கில் தண்டனை முடித்து வெளியே வந்த அன்றே ஐசிஇ அவரைப் பிடித்தது. "நான் குடிமகன், இதோ அப்பாவின் போன் நம்பர்" என்றார். யாரும் போன் போடவில்லை. கோப்பைத் தேடிய அதிகாரி, அதே பெயர் கொண்ட வேறொருவரின் கோப்பை எடுத்துப் பார்த்து, இவன் குடிமகன் இல்லை என்று முடிவு கட்டினார். நியூயார்க்கில் இருக்கும் அப்பாவுக்குப் பதில் கனெக்டிகட்டில் இருக்கும் யாரோ ஒருவர்!

1,273 நாள் உள்ளே இருந்தார். குடியேற்ற வழக்குகளில் அரசு செலவில் வக்கீல் கிடையாது என்பதால் தனக்குத் தானே வாதாடினார். 2011-ல் அலபாமாவில் கையில் காசில்லாமல் விடுவிக்கப்பட்டார். பிறகு வக்கீல் கிடைத்து எஃப்டிசிஏ வழக்கு போட, மாவட்ட நீதிமன்றம் 82,500 டாலர் தரச் சொன்னது, அதுவும் முதல் 27 நாள்களுக்கு மட்டும். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் பறித்தது. அவருடைய 2 வருஷ கெடு, அவர் காவலில் இருந்தபோதே முடிந்துவிட்டது என்பது காரணம். அதாவது, அவரை அடைத்து வைத்தவர்கள் மீது அவர் உள்ளே இருந்துகொண்டே படிவம் நிரப்பியிருக்க வேண்டும்! நீதிபதிகளில் ஒருவர் இதை ஏற்காமல் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை.

இந்த ஒரு தீர்ப்பைப் படித்த பிறகு, "சட்டத்தில் வழி இருக்கு" என்ற வார்த்தையை முன்பு போல நம்பிச் சொல்ல முடியவில்லை.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. வட கரோலினாவில் பிறந்த, அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒருவரை 2008-ல் மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்பானிஷ் தெரியாமல் மத்திய அமெரிக்க நாடுகளில் 125 நாள் அலைந்து திரும்பினார். 2012-ல் அரசு 1,75,000 டாலருக்கு சமரசம் செய்துகொண்டது.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அந்த ஜமைக்கா இளைஞரின் கதையை இன்னொரு முறை படிக்க வேண்டும். அவருக்குக் குடியுரிமை கொடுத்த அதே விதிதான் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் கொடுக்கிறது. கிரீன் கார்டோடு பெற்றோருடன் வாழும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்ற அன்றே குடிமகன். தனியாக சத்தியப் பிரமாணம் தேவையில்லை. ஆனால் அதைக் காட்டும் காகிதம் தானாக வீடு தேடி வராது. பாஸ்போர்ட் எடுத்திருந்தால் கவலை இல்லை. எடுக்கவில்லை என்றால் பாஸ்போர்ட்டோ, 'என்-600' படிவம் போட்டுக் குடியுரிமைச் சான்றிதழோ வாங்கி வைப்பது நல்லது. அரசுக் கணினியில் பிள்ளை இன்னும் 'கிரீன் கார்டு' என்றே இருக்கலாம்.

உள்ளூர் போலீஸும் சேர்ந்து செய்திருந்தால்?

இது பலர் கவனிக்காத வழி. பல ஊர்களில், ஐசிஇ கேட்டுக்கொண்டதால் கவுன்டி சிறை ஒருவரை விடுதலைத் தேதிக்குப் பிறகும் பிடித்து வைக்கிறது. அந்தக் கடிதம் வெறும் வேண்டுகோள்தான், கட்டளை இல்லை என்று 2014-ல் பென்சில்வேனியாவில் பிடித்து வைக்கப்பட்ட ஓர் அமெரிக்கக் குடிமகனின் வழக்கில் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டளை இல்லையென்றால் பிடித்து வைத்தது கவுன்டியின் சொந்த முடிவு. அப்படியானால் பிரிவு 1983 பாயும், வக்கீல் ஃபீஸும் கிடைக்கும். அதனால் சம்பவ இடத்தில் யார் யார் இருந்தார்கள், எந்தச் சீருடை, எந்த வண்டி என்று குறித்து வைப்பது ரொம்ப முக்கியம்.

அதிகாரியைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

மினியாபோலிஸ் சம்பவங்களுக்குப் பிறகு, கூட்டாட்சி அதிகாரிகளுக்கு முழு விலக்கு இருக்கிறது என்ற பேச்சு அரசியல் மேடைகளில் அடிபட்டது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பதவியைப் பயன்படுத்தி வேண்டுமென்றே உரிமையைப் பறிப்பது கூட்டாட்சிக் குற்றம். ஆனால் அந்த வழக்கைத் தொடர வேண்டியது அதே அரசின் நீதித் துறை. மாநில அரசும் கொலை, தாக்குதல் என்று வழக்கு போடலாம். அப்போது அதிகாரி 1890-ம் ஆண்டு தீர்ப்பு ஒன்றைக் கையில் எடுப்பார்: கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்த வேலையைச் செய்தேன், தேவையானதை மட்டும் செய்தேன் என்று காட்டினால் மாநிலம் தண்டிக்க முடியாது. காட்ட முடியாவிட்டால் வழக்கு நடக்கும். மாநிலச் சட்டப்படி தண்டனை கிடைத்தால் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு அதற்குச் செல்லாது.

காவலில் இருக்கும்போதே என்ன செய்யலாம்?

இழப்பீடெல்லாம் பிறகு, முதலில் ஆளை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு நமக்குத் தெரிந்த ஆட்கொணர்வு மனுதான். ஆள் அடைக்கப்பட்டிருக்கும் மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட் நகலோடு தாக்கல் செய்யலாம். ஐசிஇ ஆட்களை மாநிலம் விட்டு மாநிலம் வேகமாக மாற்றுவதால், எந்த நீதிமன்றம் என்பதே குழப்பமாகிவிடும். அதனால் முதல் சில மணி நேரம் முக்கியம். குடும்பத்தில் ஒருவரிடமாவது ஆவணங்களின் நகல் இருக்கட்டும்.

குடிமக்கள் ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கிரீன் கார்டு, எச்-1பி-யில் இருக்கும் 18 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டாயம் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: பயத்தில் "நான் சிட்டிசன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று கிரீன் கார்டு வைத்திருப்பவர் நினைக்கவே கூடாது. அது தனிக் குற்றம், கார்டே பறிபோகும். குடிமகனாக இருந்தால் அமைதியாக அதைச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள். கையை உதறுவது, தள்ளுவது வேண்டாம். அது "அதிகாரியைத் தாக்கினார்" என்ற பதிவாக மாறினால் பின்னால் எல்லா வழக்கும் பலவீனமாகிவிடும். பொது இடத்தில் அதிகாரிகளை வீடியோ எடுக்கும் உரிமையைப் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன, குறுக்கே போகாமல் எடுக்க வேண்டும். விட்ட உடனே டாக்டரிடம் போய்க் காயங்களைப் பதிவு செய்வதும், சாட்சிகளின் போன் நம்பர் வாங்குவதும், அன்றிரவே நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி வைப்பதும் படிவம் 95-க்கு உயிர் கொடுக்கும்.

மாநிலங்கள் தேடும் மாற்று வழி

நாடாளுமன்றம் நினைத்தால் பிரிவு 1983-ல் கூட்டாட்சி அதிகாரிகளையும் சேர்க்கச் சில வார்த்தைகள் போதும். அதற்கான மசோதா பலமுறை கொண்டுவரப்பட்டு அப்படியே கிடக்கிறது. காத்திருக்க முடியாது என்று இல்லினாய்ஸ் முந்திக்கொண்டது. 2025 டிசம்பர் 9-ம் தேதி ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட சட்டம், குடியேற்ற நடவடிக்கையின்போது தெரிந்தே அரசியல் சாசன உரிமையை மீறியவர் மீது மாநிலச் சட்டப்படி வழக்கு போட இடம் தருகிறது.

இது எப்படி நிற்கும்? பணியில் செய்த தவறுக்குக் கூட்டாட்சி ஊழியர் மீது மாநிலச் சட்டப்படி தனிப்பட்ட வழக்கு போட முடியாது என்று 1988-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று காப்பாற்றுகிறது. அதே சட்டத்தில், அரசியல் சாசன மீறல் வழக்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் இல்லினாய்ஸ் களம் இறங்கியிருக்கிறது. கூட்டாட்சி அதிகாரிகளை மாநிலம் கட்டுப்படுத்த முடியாது என்று அமெரிக்க நீதித் துறை அதே மாதம் வழக்கு தொடர்ந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போகும் என்றே தோன்றுகிறது. அங்கே போனால், "நிவாரணம் கிடைக்க வேண்டும்" என்று எழுதிய நீதிபதி கவனா என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அதுவரை, பாதிக்கப்பட்டவர்கள் கெடு தேதிகளை மட்டும் தவறவிடக் கூடாது. அமெரிக்க அரசிடம் 2 வருஷம். உள்ளூர் போலீஸும் சம்பந்தப்பட்டு மாநிலச் சட்டப்படி இழப்பீடு கேட்பதாக இருந்தால் அவகாசம் இன்னும் குறைவு: கலிஃபோர்னியாவில் 6 மாதத்துக்குள்ளும், நியூயார்க்கில் 90 நாளைக்குள்ளும் உள்ளாட்சி அமைப்புக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.